பகடை உருட்டுபவர்களைப் பற்றிய சிரிப்புக் காமிக்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

ஓசூரில் வேலை பார்க்கும் பசங்க சிலர் சமீபத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். வார இறுதியில் ஊருக்கு வரும்போது கிருஷ்ணகிரியில் எங்கள் கூட்டத்தோடும் வந்து உட்காருகிறார்கள். நாங்கள் ஏதாவது பழைய காமிக்ஸ் ஜோக்கைச் சொல்லிச் சிரித்தால் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை, "என்னண்ணா அது, எங்க கிடைக்கும், எதை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அதில் ஒருவர் கதையை நடத்துகிறவர், அவரை டிஎம் என்பார்கள். காடு, கோட்டை, எதிரி, வழியில் வரும் சத்திரக்காரர் எல்லாமே அவர்தான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள் வீசுகிறவர், மந்திரவாதி, திருடி, காயத்தை ஆற்றும் பூசாரி. "நான் மதில் ஏறிக் குதிக்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதும், குதிக்க முடிந்ததா, முட்டி பெயர்ந்ததா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம் இது. வெளிவந்து இரண்டு மூன்று வருடத்துக்குள்ளேயே இதை ஆடுகிறவர்களைக் கிண்டல் செய்யும் காமிக்ஸும் வந்துவிட்டது.

அந்தக் காமிக்ஸில் சிரிப்பு டிராகனிடம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களிடம் இருக்கிறது. டிஎம் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய கதையை ஆட்டக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் கவிழ்த்துவிடுவார்கள். ஊரைக் காப்பாற்ற வந்த வீரன் செத்த எதிரியின் செருப்பைக்கூடக் கழற்றி மூட்டை கட்டுவான். ஒருத்தர் விதிப் புத்தகத்தைக் காட்டிக் காட்டியே வாதாடுவார், அவருக்கு ரூல்ஸ் லாயர் என்று பெயர், எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார், உங்கள் கூட்டத்தில் யாரும் கண்ணில் படவில்லை என்றால் அது நீங்களாக இருக்கலாம்.

முதல் வேலை: ஒரு சாயங்காலம் ஆடிவிடுங்கள்

முந்நூறு பக்க விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வா என்று நான் யாரையும் சொல்ல மாட்டேன். நான் இந்தக் காமிக்ஸை முதலில் படித்தபோது பகடையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, பாதிக்குச் சிரித்தேன், பாதியைத் தாண்டிப் போனேன். பிறகு ஒரு முறை ஆடிவிட்டுத் திரும்பப் படித்தால் தாண்டிப் போன பாதிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைத்தது. அதனால் ஒரு சாயங்காலம் ஆடுங்கள், மோசமாக ஆடினாலும் பரவாயில்லை. புத்தகம் வாங்கவும் வேண்டாம், அடிப்படை விதிகள் இலவசமாகவே நெட்டில் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

பகடை இல்லையா? ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுச் சீட்டுகளைச் சொம்பில் போட்டு எடுங்கள், எடுத்த சீட்டை மறுபடி சொம்பிலேயே போட்டுக் குலுக்க மறக்காதீர்கள். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதே என்று அதை எடுக்கத் தோன்றும், வேண்டாம். தாயக்கட்டையில் மூன்று அடிக்கடி விழும், பன்னிரண்டு அபூர்வம். இருபது பக்கப் பகடையில் எந்த எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றுதான், இருபதில் ஒரு பங்கு. இந்தக் காமிக்ஸில் வரும் ஜோக்குகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். எதிரே ஒரு காப்ளின், அதாவது குட்டிப் பூதம் மாதிரி ஒன்று. அதன் கவச எண் 15, அதாவது அடி பட வேண்டுமென்றால் நீங்கள் எட்ட வேண்டிய எண். உங்கள் வீரனுக்கு அடிக்கும் திறமைக்காக 5 கூடுதல். அப்படியென்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு நூற்றுக்கு 55. ஏழு தலைமுறை வீரப் பரம்பரை, தாத்தாவின் வாள், தலையில் இறகு வைத்த கிரீடம் என்று ஒரு பக்கத்துக்குப் பின்கதை எழுதிக்கொண்டு வந்தவன் ஒரு குட்டிப் பூதத்தை ஏறக்குறைய பாதி நேரம் தவறவிடுவான். அதிலும் 1 விழுந்தால் என்ன திறமை இருந்தாலும் அடி தப்பு. 20 விழுந்தால் அடி எவ்வளவு பலம் என்று பார்க்க உருட்டும் பகடைகளை இரு மடங்காக உருட்டலாம், அதுவும் எப்போது விழும் என்றால் எதிரி ஏற்கெனவே சாகக் கிடக்கும்போது.

கதைக்கு அலைய வேண்டாம். நம் பக்கத்திலேயே கிடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும் நடுகற்கள் நிற்கின்றன, தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாகவே வைத்திருக்கிறார்கள், மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு நட்டவை அவற்றில் நிறைய. "ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், மீட்டு வாருங்கள்" என்று சொன்னால் முடிந்தது, இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடையாது.

அப்புறம் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் இதே கதையை ஓட்டியபோது டிஎம் மாடு போன திசையைச் சொல்வதற்காக வழியில் ஒரு ஆட்டுக்காரரை நிறுத்தினார். ஒரே வரி பேசிவிட்டுப் போக வேண்டிய ஆள். ஆட்டக்காரர்களில் ஒருவன், "உங்க பேரு என்னங்கய்யா?" என்று கேட்டுவிட்டான். டிஎம்முக்குப் பெயர் தயாராக இல்லை, சுற்றும் முற்றும் பார்த்தார், சமையல்கட்டுப் பக்கம் முறத்தில் புளி காய்ந்துகொண்டிருந்தது, "புளியண்ணன்" என்றார். அவ்வளவுதான். புளியண்ணனுக்கு எத்தனை ஆடு, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, தம்பியோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று விசாரணை போய்க்கொண்டே இருந்தது. மாடுகள் அன்று மீளவில்லை. இந்த அனுபவம் ஒன்று கையில் இருந்தால் கீழே சொல்லும் எந்தக் காமிக்ஸும் உங்களுக்குப் புரியும்.

எதை முதலில் படிப்பது

எல்லாம் ஆங்கிலம்தான், பயப்பட வேண்டாம். என் வரிசை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரிசை இல்லை, ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு இதுதான் சுலபம் என்று நினைக்கிறேன்.

முதலில் டிஎம் ஆஃப் தி ரிங்ஸ். ஷேமஸ் யங் என்பவர் 2006 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடத்தில் 144 பகுதிகளோடு முடித்த தொடர், நெட்டில் இலவசம். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டி, அதன் மேல் ஆட்டக்காரர்களின் பேச்சைப் போட்டிருப்பார். கற்பனை இதுதான்: அந்தக் கதையை யாருமே கேள்விப்படாத ஓர் உலகத்தில் ஒரு டிஎம் அதை ஆட்டமாக நடத்துகிறார், ஆட்டக்காரர்களுக்கு அந்த மகா காவியத்தில் ஒரு துளி அக்கறையும் இல்லை. டிஎம் மூவாயிரம் வருட வரலாற்றை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், இவர்கள் எப்போது சண்டை வரும், கொன்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ரெயில்ரோடிங் என்ற பேச்சு இந்த வட்டத்தில் அடிக்கடி அடிபடும், ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் டிஎம் தான் எழுதிய கதைக்கே இழுத்துக்கொண்டு வருவதைச் சொல்வது, அதை இந்தத் தொடர் அளவுக்கு விளக்கமாக வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. படத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால் யார் எவர் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை, அதற்காகத்தான் இதை முதலில் வைத்தேன். ஷேமஸ் யங் 2022இல் காலமாகிவிட்டார், தொடர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

இதைப் பார்த்து ஆஸ்திரேலியாவில் ஒரு நண்பர் குழு ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்து 2007இல் டார்த்ஸ் அண்ட் டிராய்ட்ஸ் தொடங்கியது. படத்தில் எல்லோரும் கரித்துக்கொட்டிய ஜார் ஜார் பாத்திரத்தை இதில் ஒரு சின்னப் பெண் உருவாக்குகிறாள், அண்ணன் ஆடும் மேசையில் வந்து உட்கார்ந்த தங்கை. குழந்தை மனசுக்குத் தோன்றியதையெல்லாம் சொல்வாள், எல்லோரும் அதையே கதையாக ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் இதைப் படித்த பிறகு போயே போய்விட்டது.

இரண்டாவதாக ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக். இதைப் பற்றி நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரிச் பர்லூ 2003 செப்டம்பரில் ஆரம்பித்தது, ஆயிரம் பகுதிகளை எப்போதோ தாண்டிவிட்டது. எல்லோரும் குச்சி மனிதர்கள், வட்டத் தலை, கோடு கோடாகக் கை கால். ராய் என்ற வீரன், டர்கான் என்ற குள்ளப் பூசாரி, ஹேலி என்ற திருடி, ஆணா பெண்ணா என்று யாருக்கும் பிடிபடாத வார்சூவியஸ் என்ற மந்திரவாதி, பாட்டுப் பாடிக்கொண்டு திரியும் ஈலான், கத்தியைத் தவிர வேறு எதையும் நம்பாத குட்டையன் பெல்கர்.

2000களின் நடுவில் கிருஷ்ணகிரியில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் இதை முதலில் படித்தேன். மொத்தப் பக்கமும் ஒரே படம், அது மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். ஜோக் எப்போதும் கடைசிக் கட்டத்தில். முதல் வரிசை வரும், ராய் ஏதோ கேட்பான், இரண்டாம் வரிசை பாதியில் நிற்கும், ஃபேன் காற்றில் கேபின் திரை ஆடும், பக்கத்து கேபினில் ஒருவர் தேர்வு முடிவு பார்க்க எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார், பெல்கரின் வாய் தெரியும், வாய்க்கு மேல் பலூன் தெரியாது. இன்று ஒரு நொடியில் முழுப் பக்கமும் வந்துவிடுகிறது, நல்லதுதான், ஆனால் அப்படிக் காத்திருந்து சிரித்த சிரிப்பே வேறு.

இதன் சிறப்பு என்னவென்றால் பாத்திரங்களுக்குத் தாங்கள் ஆட்ட விதிகளுக்குள் வாழ்கிறோம் என்பது தெரியும். முதல் பகுதியே அந்த வருடம் விதிப் புத்தகம் 3.5ஆம் பதிப்புக்கு மாறியதை வைத்துத்தான், சண்டைக்கு நடுவில் உலகமே பதிப்பு மாறும், இவர்கள் உடம்பில் அதை உணர்வார்கள். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலைதான் இது. ராஜா கொலுவில் வீற்றிருக்கும்போதே அவன் ராஜாவின் கிரீடத்தையும், நேற்றைய விலைவாசியையும், முன்வரிசையில் தூங்குகிற பெரியவரையும் ஒரே மூச்சில் கிண்டல் செய்வான், கதையும் கெடாது. பென்னாகரம் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் காமிக்ஸ் புதிதாகவே தோன்றாது.

எப்படிப் படிப்பது? ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் படியுங்கள், நடுவில் எங்கேயும் குதிக்காதீர்கள். முதல் நூறு பகுதியில் விதி ஜோக்குகள்தான் அதிகம், புரியாததைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள், ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தால் சிரிப்பு செத்துவிடும். ஒரு கட்டத்தில், எங்கே என்று சொல்ல மாட்டேன், கதை பெரிதாகி உண்மையிலேயே உருக ஆரம்பித்துவிடும். குச்சிப் படத்துக்கு நான் கண் கலங்குவேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பலூன்களில் எழுத்து அதிகம், போனில் படிக்காதீர்கள், பெரிய திரை தேவை. 2012இல் தீர்ந்துபோன புத்தகத்தை மறுபதிப்பு செய்ய 57,750 டாலர் வேண்டும் என்று நெட்டில் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பர்லூ வாசகர்களிடம் கேட்டார், பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வந்து கொட்டியது. குச்சி மனிதர்களுக்கு.

மூன்றாவது, நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிள். இது வயதில் மூத்தது, ஜாலி பிளாக்பர்ன் 1990இல் ஷேடிஸ் என்ற பத்திரிகையில் தொடங்கினார். இதை ஏன் பிறகு வைத்தேன் என்றால் படம் என்று பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு மேசை, அதைச் சுற்றி அதே ஆட்கள், அதே கோணம், அதே கை, பேச்சு மட்டும் மாறும். பி.ஏ. என்கிற டிஎம் பாவப்பட்ட ஜென்மம். பாபுக்கும் டேவுக்கும் எதைக் கண்டாலும் வெட்ட வேண்டும், பிரையன் ரூல்ஸ் லாயர்களுக்கெல்லாம் லாயர், சாரா மட்டும் பேசித் தீர்க்கலாமே என்பாள், யாரும் கேட்க மாட்டார்கள். ஓர் இரவு முழுக்க ஆடிக் களைத்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான காமிக்ஸ் இல்லை. இவர்கள் ஆடுவதாக வரும் ஹேக்மாஸ்டர் என்ற கற்பனை ஆட்டத்தை 2001இல் நிஜமாகவே ஆட்டமாக அச்சிட்டு விற்றார்கள், அதுவும் நேரடியாக நான்காம் பதிப்பு என்று போட்டு. முதல் மூன்று பதிப்பு கிடையாது, அதுவும் ஜோக்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஜான் கோவாலிக்கின் டார்க் டவர் 1997இல் தொடங்கியது, ஆட்டத்தைவிட ஆடுகிறவர்களின் வீட்டு வாழ்க்கையைப் பற்றியது, பகடை வாங்கிக் குவிக்கும் நோய் உள்ளவர்கள் கட்டாயம் படிக்கவும். மஞ்ச்கின் சீட்டு ஆட்டத்தின் படங்களும் அவர் வரைந்தவைதான். ஆரன் வில்லியம்ஸின் நாட்விக் ஒரு சுமைதூக்கியின் கதை: வீரர்கள் கொள்ளையடித்த பொன்னையெல்லாம் அவன் தலையில் ஏற்றுவார்கள், பொறி இருக்கிறதா என்று பார்க்க அவனையே முன்னால் தள்ளுவார்கள், செத்தால் ஒட்டுப்போட்டு எழுப்புவார்கள். சீசனில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். மலை மாதிரி மூட்டையும் அதற்குக் கீழே இரண்டு காலும் தெரிகிற படம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார், "இவனுக்குக் கூலி எவ்வளவுடா பேசினாங்க?" என்று கேட்டார்.

இடையில் யாராவது "கெஸிபோ" என்று சொல்லி எல்லோரும் சிரித்தால் முழிக்காதீர்கள். இந்த வட்டத்தின் பழைய கதை அது. தோட்டத்தில் ஒரு கெஸிபோ இருக்கிறது என்று டிஎம் சொல்கிறார், அது நிழலுக்குக் கட்டிய சின்ன மண்டபம். ஆட்டக்காரருக்கு அந்தச் சொல் தெரியாது, ஏதோ ராட்சதன் என்று நினைத்து என்ன நிறம், எவ்வளவு தூரம், கூப்பிட்டால் பதில் சொல்கிறதா என்று விசாரித்து, கடைசியில் அம்பு விட்டுவிடுகிறார். மண்டபத்தில் அம்பு குத்தி நிற்கிறது, ஏன் இன்னும் சாகவில்லை என்று இவர் கேட்கிறார். மஞ்ச்கினில் கெஸிபோவே ஒரு ராட்சதன் சீட்டாக வரும்.

கடைசியாக வார்மி, ஆனால் இது கொஞ்சம் வலிக்கும். டேவிட் டிராம்பியர் என்ற ஓவியர் 1977 முதல் டிராகன் என்ற ஆட்டப் பத்திரிகையில் வரைந்தது, சுருட்டுப் பிடித்துக்கொண்டு பில்லியர்ட்ஸ் ஆடும் ஒரு டிராகனின் கதை, வண்ணமும் கோடும் அவ்வளவு அழகு. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின் அட்டைப் படமும் அவர் கைவண்ணம்தான், பெரிய சிலையின் கண்ணில் பதித்த ரத்தினத்தை இரண்டு பேர் நெம்பி எடுக்கும் அந்தப் படம். 1988இல் கதையை நடுவிலேயே விட்டுவிட்டு வரைவதையே நிறுத்தினார், அந்த உலகத்திலிருந்தே ஒதுங்கிப் போய்விட்டார். பல வருடம் கழித்து இல்லினாய்ஸில் டாக்சி ஓட்டிக்கொண்டிருப்பது தெரிய வந்தது. 2014இல் இறந்துவிட்டார், வார்மி முடியாமலே நிற்கிறது. முடிவு வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதைத் தொடாதீர்கள்.

அடுத்தது, நீங்களே போட்டுப் பாருங்கள்

இது கட்டாயம் இல்லை, ஆனால் ஆடுகிற கூட்டம் ஒன்று அமைந்துவிட்டால் கை தானாக அரிக்கும். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை, குச்சி மனிதர்களே போதும் என்று மேலே பார்த்தோம். ஏ4 தாளை நாலாக மடித்தால் நாலு கட்டம். மேசையையும் ஆட்களையும் ஒரு முறை ஒழுங்காக வரைந்து, பலூன் இல்லாமல் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேச்சை மட்டும் எழுதினால் போதும்.

பேச்சை முதலில் எழுதுங்கள், அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். பலூனை முதலில் போட்டால் தமிழ் உள்ளே அடங்காது, "கண்டுபிடித்துவிட்டீர்களா" என்ற ஒரே சொல் கட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்விடும். மேசையில் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதுங்கள், "கண்டுபுடிச்சாச்சா" அடங்கிவிடும். ஓசூர்ப் பசங்க மேசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் வரும், அதைச் சுத்தம் செய்து எழுதினால் ஜோக் போய்விடும்.

நாலு கட்டத்தில் மூன்றாவதை முடிந்தவரை பேச்சில்லாமல் விடுங்கள். எங்கள் நடுகல் கதையிலிருந்து ஒன்று:

டிஎம்: "ஏரிக்கரையில ஒரு பழைய நடுகல். வீரன் கையில வில்லு. காலடியில மாடுங்க."

ஆட்டக்காரன்: "என்ன கனம் இருக்கும்ணா?"

மூன்றாம் கட்டத்தில் எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள்.

ஆட்டக்காரன்: "சும்மா கேட்டேன்." பக்கத்தில் இருப்பவன் தன் பொருள் பட்டியலில் "கயிறு" என்று எழுதிக்கொண்டிருக்கிறான்.

அந்த மூன்றாம் கட்டம் இல்லாமல் இதைப் படித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

ஆளின் நிஜப் பெயரைப் போடாதீர்கள், பாத்திரத்தின் பெயர் போதும், யாரென்று உங்கள் கூட்டத்துக்குத் தெரியும். வெளியே யாருக்காவது அனுப்புவதற்கு முன்னால் கிண்டலுக்கு ஆளானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போதே வரைந்து காட்ட வேண்டாம், டிஎம் ஏற்கெனவே நொந்து போயிருப்பார், அடுத்த முறை கூடும்போது ஆரம்பத்தில் காட்டுங்கள், போன தடவை என்ன நடந்தது என்று நினைவுபடுத்தின மாதிரியும் ஆகும். எங்கள் கூட்டத்தில் படம் போட்டுக்கொண்டு வருகிறவருக்கு அன்றைய ஆட்டத்தில் ஒரு முறை பகடையை மறுபடி உருட்டும் சலுகை உண்டு. அந்த இரண்டாவது உருட்டலில் விழுந்தது எதுவோ, அதுதான் கணக்கு.